பிராக் போகிறீர்களா? சார்லஸ் பாலத்தில் இருந்து தொடங்குங்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் எல்லோரும் பார்க்கப் போகிற சார்லஸ் பாலத்துக்கு விடிந்ததும் போய்விடுங்கள். 1357இல் கட்டத் தொடங்கிய கல் பாலம். பத்து மணிக்கு மேல் அங்கே நகரவே இடம் இருக்காது. இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். பெரும்பாலானவை நகல்கள்தான். 1683இல் வைத்த நெபோமுக் புனிதரின் வெண்கலச் சிலைக்குக் கீழே உள்ள பலகையைப் பாருங்கள். நல்லது நடக்கும் என்று தொட்டுத் தொட்டு, கை படும் இடம் மட்டும் தங்கம் போல மின்னும்.

அப்புறம் பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரம். 1410ஆம் ஆண்டுக் கடிகாரம், இன்னும் ஓடுகிறது. மணியடிக்கும்போது எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், மேலே இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் பொம்மைகள் வந்து போகும். சட்டென்று முடிந்துவிடும், அதற்காக அரை மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டாம். கடிகாரம் இருக்கும் கோபுரத்தின் மேலே ஏறுங்கள், லிஃப்ட் இருக்கிறது. சிவப்பு ஓட்டுக் கூரைகள் மொத்தமும் தெரியும்.

பிராக் கோட்டைக்கு மலை ஏறி மூச்சு வாங்க வேண்டாம், 22ஆம் எண் டிராம் போகிறது. காகித டிக்கெட் என்றால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்துங்கள். குத்தாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம்தான். கோட்டை முற்றங்களில் நடப்பது இலவசம். உள்ளே இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தை முழுதாகப் பார்க்கத்தான் கட்டணம். 1344இல் தொடங்கி 1929இல் முடித்த ஆலயம், அதற்குக் கொடுக்கலாம்.

இங்கே புழங்குவது கொருனா, யூரோ இல்லை. தெருவில் யாராவது பணம் மாற்றித் தருகிறேன் என்று வந்தால் நிற்காதீர்கள்.