சுண்டெலிக் கருவின் மூளையில் செல் பிரிவுக் கோணத்தை அளப்பது எப்படி

கருவின் மூளையில் வென்ட்ரிக்கிள் (மூளை நடுவிலுள்ள திரவ அறை) சுவரை ஒட்டிப் பிரியும் ரேடியல் கிளியா செல் (நியூரான்களைத் தரும் முன்னோடி செல்), குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்கோலைச் சுவருக்கு இணையாக வைத்தால் இரு மகள் செல்களும் சுவரோடு தங்கும். சாய்த்து வைத்தால் ஒன்று கழன்று விலகும். சுண்டெலியில் லிஸ்1 மரபணு பழுதானால் கதிர்கோலுக்கும் சுவருக்கும் இடையிலான இந்தக் கோணம் குலைகிறது. மனிதரிலோ அதே பழுது மூளை மடிப்பற்ற லிஸ்ஸென்செஃபலியைத் தருகிறது.

13.5 நாள் கருவின் மூளையை 4% பாராஃபார்மால்டிஹைடில், 4° செல்சியஸில் 2–4 மணி நேரம் வையுங்கள். பிறகு 30% சுக்ரோஸில், அது அடியில் மூழ்கும்வரை. கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவைச் சீவும் கருவி) 30–40 மைக்ரான் தடிமனாகச் சீவுங்கள். 10 மைக்ரானில் சீவினால் கதிர்கோலின் ஒரு முனை அடுத்த சீவலோடு போய்விடும். கதிர்கோலின் இரு முனைகளிலும் உள்ள சென்ட்ரோசோமுக்குக் காமா-டியூபுலின், டிஎன்ஏவுக்கு டாப்பி சாயம் போதும். பிரியும் செல்லைக் காட்டும் பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3ஐ மட்டும் நம்ப வேண்டாம், அனாஃபேஸ் (குரோமோசோம்கள் இரு பக்கமாக விலகும் கட்டம்) முற்றும்போது அது மங்கிவிடும்.

அனாஃபேஸ் செல்களை மட்டும் அளங்கள்: டிஎன்ஏவின் இணையான இரு பட்டைகள், நடுவே இருண்ட இடைவெளி, இரு வெளிப்புறங்களிலும் ஒவ்வொரு சென்ட்ரோசோம் புள்ளி. அதற்கு முந்தைய மெட்டாஃபேஸில் (குரோமோசோம்கள் நடுவே வரிசையாக நிற்கும் கட்டம்) கதிர்கோல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அப்போதைய கோணம் இறுதியானதல்ல.

63 மடங்கு எண்ணெய் லென்ஸில் 0.5 மைக்ரான் இடைவெளியில் அடுக்குப் படம் எடுங்கள். செல்லைச் சுற்றி வென்ட்ரிக்கிள் பரப்பில் நான்கைந்து புள்ளிகள் குறித்து ஒரு தளம் பொருத்துங்கள். அத்தளத்திலிருந்து இரு சென்ட்ரோசோம்களின் தூர வித்தியாசத்தை, அவற்றின் இடைத்தூரத்தால் வகுத்தால் கோணத்தின் சைன் கிடைக்கும். வித்தியாசம் 1.5, இடைத்தூரம் 9 மைக்ரான் என்றால் கோணம் சுமார் 10°.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். முப்பரிமாணத்தில் கதிர்கோல்கள் கண்டபடி திரும்பியிருந்தாலே 50% செல்கள் 30°க்குள் விழும். 30–60°க்குள் 37%, அதற்கு மேல் 13%. ஆகவே "பாதி செல்கள் இணையாக உள்ளன" என்பது ஒழுங்கல்ல, ஒழுங்கே இல்லாத நிலை! உங்கள் பரவலை இந்த எண்களோடுதான் ஒப்பிட வேண்டும். புள்ளியியலில் மாதிரி எண்ணிக்கை என்பது கருக்களின் எண்ணிக்கை, செல்களுடையதல்ல.

கோணம் குலைந்ததாலேயே நியூரான் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். கதிர்கோலைத் திசைப்படுத்தும் எல்ஜிஎன் புரதம் இல்லாத சுண்டெலியில் கோணம் சிதறி, முன்னோடி செல்கள் சுவரைவிட்டு விலகுகின்றன. நியூரான் உற்பத்தியோ பெரிதாக மாறுவதில்லை. அதனால் தாய்க்கு எடியூ (புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் சேரும் குறி) ஊசி போட்டு, 24 மணி நேரம் கழித்து, குறிபெற்ற செல்களில் எத்தனை பாக்ஸ்6 (ரேடியல் கிளியாவின் குறி), எத்தனை டிபிஆர்2 (இடைநிலை முன்னோடி செல்லின் குறி) காட்டுகின்றன என்றும், அவை சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளன என்றும் எண்ணுங்கள்.