பேஸ்மென்டில் பீர்: குறைந்த செலவில் இடத்தைத் தயார் செய்வது எப்படி

வீட்டில் பேஸ்மென்ட் இருந்தால், பீர் தயாரிப்பதில் காசு கொடுத்து வாங்கச் சிரமப்படும் ஒரு விஷயம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: பகலிலும் இரவிலும் அதிகம் மாறாத குளிர்ச்சி. கூடவே இருட்டு. ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு பூ) சேர்ந்த பீரில் வெளிச்சம் பட்டால் ஒரு கெட்ட வாடை வந்துவிடும், கீழே அந்தக் கவலை இல்லை. மற்றதெல்லாம் வாளி, மேசை, குழாய் அளவில் முடிகிற காரியம். ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்ற கணக்கில் சொல்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன், நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒரு வாரம் வெப்பமானி மட்டும்

அவசரப்படாமல் ஒரு வாரம் வெப்பமானியை மட்டும் கீழே வைத்து, காலையும் இரவும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் ஒன்று, மேசை உயரத்தில் ஒன்று. எங்கள் பேஸ்மென்டில் இரண்டுக்கும் 3 டிகிரி வித்தியாசம் இருந்தது, அது தெரியாமல் தரையின் அளவை மட்டும் நம்பி பீர் நொதிக்கும் முதல் வாளியை மேலே வைத்துவிட்டேன். ஏல் என்னும் பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு (இனிப்பை மதுவாக்கும் நுண்ணுயிர்) 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் நல்லது. ஆனால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும்போது தானே சூட்டை உண்டாக்கும், வாளிக்குள் அறையைவிட 3, 4 டிகிரி கூடிவிடும். அதனால் அறை 16, 17 டிகிரியில் இருந்தாலே போதும். அதைவிடச் சூடான இடமா? பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி வாளியை அதற்குள் நிறுத்தி, தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில்களை அந்தத் தொட்டியில் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். ரொம்பக் குளிர்ந்த இடமென்றால் வாளியைச் சுற்றி ஒரு போர்வை.

அடுப்பு கீழே வேண்டாம்

இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூடிய அறையில் கேஸ் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் கிடையாது, உயிரை எடுத்துவிடும். மின்சார அடுப்பு என்றாலும் ஒரு மணி நேரக் கொதியில் சில லிட்டர் தண்ணீர் ஆவியாகிச் சுவரில் போய் ஒட்டும், கொஞ்ச நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் அதே அறையில்தான் பீர் நொதிக்க வேண்டும்.

கொதிக்க வைப்பது சமையலறையில் நடக்கட்டும். மால்ட் எக்ஸ்ட்ராக்டை (முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு) 10 லிட்டர் தண்ணீரில் ஹாப்ஸுடன் காய்ச்சி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்திச் சீக்கிரம் ஆறவைத்துக் கீழே கொண்டுபோங்கள். மொத்தம் 20 லிட்டர் ஆகும்வரை, முன்பே கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை வாளியில் சேர்த்தால் ஆயிற்று. பெரிய பாத்திரமும் வேண்டாம், படியில் 20 கிலோவைச் சுமக்கவும் வேண்டாம்.

மூலையும் மேசையும்

ஹீட்டர் பக்கத்தில் இல்லாத, தண்ணீர் வடியும் துளைக்கு அருகில் உள்ள மூலையாகப் பாருங்கள். வெறும் கான்கிரீட் தரை தூசி கிளப்பும், ஒரு கை சீலர் பூச்சு அடித்தால் நல்லது, முடியாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போதும். ஈரமான கையோடு வேலை செய்யப்போகிறீர்கள், ஆகவே அங்குள்ள பிளக்குகளுக்கு மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நொதிக்கும்போது 20 லிட்டரிலிருந்து 400 லிட்டர் அளவுக்குக் கார்பன் டையாக்சைடு சில நாட்களில் வெளியேறும். காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். சின்ன அறையென்றால் ஜன்னலையோ கதவையோ கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

மேசை ஆடக்கூடாது. காலி வாளியை மேசைமேல் வைத்து, அங்கேயே நிரப்பி, பாட்டிலில் அடைக்கும் நாள் வரை அதைத் தொடாதீர்கள். ஒரு தடவை நிரம்பிய வாளியைத் தரையிலிருந்து மேசைக்குத் தூக்கினேன். வாளியின் பக்கங்கள் நெளிந்து, மூடியில் செருகிய ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) இருந்த தண்ணீர் களக் களக்கென்று உள்ளே இழுபட்டுப் போனது, அடியில் அழகாகப் படிந்திருந்த ஈஸ்ட் முழுக்கக் கலங்கிவிட்டது. உயரத்தில் இருந்தால் பீர் குழாய் வழியாகத் தானே கீழே இறங்கும், பம்ப் தேவையில்லை.

எதற்குச் செலவு செய்வது

காய்ச்சிய சாறு ஆறிய பிறகு அதைத் தொடும் பொருள்களை மட்டும் புதிதாக வாங்குங்கள். மற்றதெல்லாம் பழசே போதும். அலமாரியும் மேசையும் பீரைத் தொடாது, கொதிக்கும் பாத்திரத்தில் கொதியே கிருமியைப் பார்த்துக்கொள்ளும். புதிதாக வேண்டியவை: மூடியும் திறந்து மூடும் குழாயும் உள்ள, உணவுக்கு உகந்த 25 அல்லது 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, ஏர்லாக், உணவுத்தரக் குழாய் (தோட்டத்துக் குழாய் வேண்டாம்), ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி), சானிடைசர். கண்ணாடிக் குடுவை பார்க்க அழகுதான், ஆனால் கான்கிரீட் தரையும் சோப்புக் கையும் இருக்கும் இடத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் மென்துணியால் அழுக்கைக் கழுவுங்கள், கம்பி நாரைத் தொடவே வேண்டாம், கீறல் விழுந்தால் கிருமி அங்கேதான் குடியிருக்கும். அப்புறம் அலசத் தேவையில்லாத அமில சானிடைசரை லேபிளில் உள்ள அளவில் கலந்து, ஓரிரு நிமிடம் ஈரமாக விட்டால் போதும். அதையே ஒரு ஸ்பிரே பாட்டிலிலும் வைத்துக்கொள்ளுங்கள், கை, மூடி, குழாய் எல்லாவற்றுக்கும் உதவும். ப்ளீச்சை எந்த அமிலத்தோடும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். பின்னாளில் தானியமாக வாங்கி அரைத்தால் இந்த மூலையில் அரைக்க வேண்டாம், அந்தத் தூசியில் பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா இருக்கும்.

முதல் வாளி

சாறு 20 டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட்டைச் சேர்த்து மூடி, ஏர்லாக்கில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குமிழி வரத் தொடங்கும். திறந்து பார்க்க ஆசை வரும், வேண்டாம். பத்து நாள் கழித்து வாளியின் குழாயில் கொஞ்சம் பிடித்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். தண்ணீரை 1.000 என்று வைத்த அடர்த்திக் கணக்கில், 1.050-ல் தொடங்கியது 1.010 பக்கம் வந்து, இரண்டு மூன்று நாள் அதே அளவில் நின்றால் முடிந்தது. குமிழி நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பாட்டிலில் அடைக்காதீர்கள், மிச்ச இனிப்பு உள்ளே நொதித்துப் பாட்டில் வெடிக்கும். இதே காரணத்தால்தான் பாட்டிலில் அடைக்கும் முன் நுரைக்காகப் பீரில் சேர்க்கும் சர்க்கரையையும் தராசில் நிறுக்கச் சொல்கிறேன்: 20 லிட்டருக்கு 120 கிராம் அளவில், கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கலக்க வேண்டும்.

பீர் பாட்டிலாகவே, தடித்த கண்ணாடியாகப் பாருங்கள். கழுத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடி, மூடியுள்ள பெட்டிக்குள் இரண்டு வாரம் 20 டிகிரி பக்கம் வையுங்கள். பிறகு பெட்டியைத் தரைக்கு இறக்கிவிடலாம், முதல் வாரம் வெப்பமானியில் பார்த்த அந்த 3 டிகிரி குறைவான இடம் அதுதான்.