மனநலச் சிகிச்சையில் இருக்கும் ஊழியரிடம் மேலாளர்கள் செய்யும் தவறுகள்

"மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன், சார்." கதவைச் சாத்திவிட்டு ஓர் ஊழியர் இப்படிச் சொல்கிறார் என்றால், பல நாள் தயங்கித் தயங்கித்தான் வந்திருப்பார். அதற்குப் பிறகு மேலாளர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நல்லெண்ணத்தில் செய்பவை.

"யாருக்குத்தான் டென்ஷன் இல்லை? இரண்டு நாள் ஊருக்குப் போய் வாருங்கள்" என்பது அதில் ஒன்று. ஆறுதலாகத்தான் சொல்கிறோம். அவருக்கோ, இனி இதைப் பற்றிப் பேசாதே என்று காதில் விழுகிறது.

அதைவிடப் பெரிய தவறு, கேட்காமலேயே வேலையைப் பிடுங்கிக்கொள்வது. நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில், மனச்சோர்வுக்காக ஆறு வாரம் விடுப்பில் இருந்த கணக்காளர் ஒருவர் திரும்பி வந்தார். ஒன்பது வருடமாக மாதக் கடைசிக் கணக்கை முடித்துக் கொடுத்தவர் அவர். "உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்று அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். கணக்காளரோ பழைய வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்குவார். கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார். அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: இரவு மாத்திரையால் காலையில் மயக்கமாக இருந்தது, ஒரு மணி நேரம் தாமதமாக வர வேண்டும். அதைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்து அவரே சொன்னபோதுதான் தெரிந்தது. இன்றும் மனம் உறுத்துகிறது.

"அவரிடம் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்" என்று குழுவினரிடம் சொல்லி வைப்பதும் தவறு. அன்று மாலைக்குள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிடும். மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாக இருப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. யாரிடம் சொல்லலாம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. மனிதவளப் பிரிவு இதை எடுத்துச் சொல்லாததால் கைக்காசைச் செலவழிப்பவர்கள் உண்டு.

சாப்பாட்டு மேசையில் "அவன் ஒரு மென்டல்" என்று யாரோ சொல்ல, மேலாளரும் சேர்ந்து சிரித்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் சிகிச்சையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு ஒரு சொற்பொழிவு வைத்துவிட்டு, ஞாயிறு இரவும் மின்னஞ்சல் அனுப்பினால் அந்தச் சொற்பொழிவை யார் நம்புவார்கள்?

மேலாளர் மருத்துவராக வேண்டியதில்லை. "எந்த வேலை இப்போது பாரமாக இருக்கிறது? எதை நீங்களே வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருந்தால் போதும். மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸின் உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுத் தராமல், எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள்.