ஸ்வால்பார்டைப் பற்றி எழுதும்போது வழுக்கும் இடங்கள்

ஆர்க்டிக் பகுதியில் இருக்கும் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளைப் படித்துப் பாருங்கள். ஒன்றில் அது ஸ்வால்பார்டில் இருக்கும், அடுத்ததில் ஸ்பிட்ஸ்பெர்கனில், இன்னொன்றில் நார்வேயில், கொஞ்சம் துணிச்சலான ஆள் எழுதினால் வட துருவத்திலேயே இருக்கும். முதல் மூன்றும் சரிதான். நான்காவது கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர் தப்பு. சிலர் அண்டார்க்டிகாவில் இருக்கும் மைத்ரி, பாரதி நிலையங்களோடு ஹிமாத்ரியையும் ஒரே வரியில் சேர்த்து எழுதி, பக்கத்தில் பென்குயின் படத்தையும் போட்டுவிடுகிறார்கள், அதைப் பற்றி நான் என்ன சொல்ல.

முதலில் பெரிய குழப்பத்தை முடித்துவிடலாம். ஸ்வால்பார்டு என்பது தீவுக்கூட்டம். அதில் பாதிக்கு மேல் நிலப்பரப்புள்ள பெரிய தீவின் பெயர் ஸ்பிட்ஸ்பெர்கன். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதக் கூடாது என்று இன்று சொல்லிவிடலாம், ஆனால் பழைய ஆவணங்களைப் படிக்கும்போது இந்த விதி காலை வாரிவிடும். 1596-இல் டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் கூர்மையான மலைகளைப் பார்த்து ஸ்பிட்ஸ்பெர்கன் என்று பெயர் வைத்தபோது தான் பார்ப்பது கிரீன்லாந்தின் ஒரு பகுதி என்றே நினைத்தார். அதனால் அடுத்த நூற்றாண்டின் திமிங்கில வேட்டைக்காரர்களின் குறிப்புகளில் ‘கிரீன்லாந்து’ என்று வந்தால் அது பல நேரம் இந்த இடம்தான். அப்புறம் இந்தத் தீவுக்கூட்டத்தின் மீது நார்வேயின் ஆட்சியுரிமையை ஏற்று 1920-இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதே, அதில் ‘ஸ்பிட்ஸ்பெர்கன்’ என்பது முழுத் தீவுக்கூட்டத்தையும் குறிக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் பெயராலும் கையெழுத்துப் போடப்பட்ட ஒப்பந்தம் அது, ஆகவே நம் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும். அந்த வரியை ‘ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு’ என்று மொழிபெயர்த்தால் மற்ற தீவுகளெல்லாம் ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விடும். 1925-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது நார்வே பழைய ஐஸ்லாந்துக் குறிப்பு ஒன்றிலிருந்து ‘ஸ்வால்பார்டு’ என்ற பெயரை எடுத்து மொத்தத்துக்கும் சூட்டியது. குளிர்ந்த கரை என்று பொருள். பெரிய தீவு அப்போது ‘மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன்’ ஆனது, 1969-இல்தான் அந்த ‘மேற்கு’ உதிர்ந்தது. எனவே ஆண்டைப் பார்க்காமல் பெயரை எடுத்துப் போடாதீர்கள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் நடுவில் எஸ், இசட் இல்லை. இசட் போட்டால் அது ஜெர்மன் எழுத்துக்கூட்டல்.

அடுத்த தவறு, பெயருக்குள் ஆங்கிலத்தைத் தேடுவது. இதில் நானே விழுந்தவன். லோங்யியர்பீயன் என்ற ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘லாங் இயர்’ என்று பளிச்சென்று தெரியும், மாதக்கணக்கில் சூரியன் வராத ஊருக்கு ‘நீண்ட ஆண்டு’ என்று என்ன அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வினாடி வினாவுக்குக் கேள்வியே தயாரித்துவிட்டேன், நல்லவேளை மேடையேறும் முன்பே ஒருவர் பிடித்துவிட்டார். லோங்யியர் ஒரு மனிதர். ஜான் மன்ரோ லோங்யியர், அமெரிக்க முதலாளி, 1906-இல் அங்கே நிலக்கரி நிறுவனம் தொடங்கியவர். ‘பீயன்’ என்றால் நார்வேஜிய மொழியில் ஊர். நம்மூர் ஜார்ஜ் டவுன் மாதிரி லோங்யியர் டவுன், அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளத்தாக்கு அட்வென்ட்டாலனும் இதே கதை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ‘அட்வென்ட்’ காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலேயத் திமிங்கில வேட்டைக்காரர்கள் சொன்ன ‘அட்வென்சர் பே’ தேய்ந்து சுருங்கி அப்படி ஆனது.

உண்மையில் இந்தப் பெயர்களைப் படிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, வாலைப் பாருங்கள். ஓயா என்று முடிந்தால் தீவு. ஃபியோர்டன் என்றால் கடல் உள்ளே புகுந்த நீண்ட குடா, பிரேயன் என்றால் பனியாறு, டாலன் என்றால் பள்ளத்தாக்கு, ஃபியெல்லெட் என்றால் மலை. (இலங்கை வாசகர்களுக்கு ஓயா என்றதும் மகா ஓயா நினைவுக்கு வரும், அது ஆறு, இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) வால் தெரிந்துவிட்டால் ‘கோங்ஸ்ஃபியோர்டன் ஃபியோர்டு’ என்று எழுத மாட்டீர்கள். அது ‘நடு சென்டர்’ போன்றது.

அதற்காக எல்லாவற்றையும் தமிழாக்கிவிடவும் வேண்டாம். இந்தத் தீவுக்கூட்டத்தில் இருக்கும் பியோர்னோயாவைக் கரடித் தீவு என்று ஒருமுறை விளக்கலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் கட்டுரை முழுக்க ‘கரடித் தீவு’ என்றே போனால் சைபீரியாவுக்கு வடக்கே இருக்கும் கரடித் தீவுகளோடு யாராவது முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பெயரை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கும் வேலையும் ஆகாது. பாரென்ட்ஸ்பர்க் டச்சுக்காரர் பெயரில், நார்வேயின் மண்ணில் இருக்கும் ரஷ்யச் சுரங்க ஊர்.

அப்புறம் அந்த வட்டம் போட்ட ‘ஏ’ (Å). நார்வேஜியத்தில் அது ‘ஓ’ போல ஒலிக்கும், தலையில் வட்டம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. எனவே ஹிமாத்ரி இருக்கும் ஊர் நீ-ஓலசுன்ட், ‘நை-அலேசுந்த்’ அல்ல. ‘நீ’ என்றால் புதிய. பழைய ஓலசுன்ட் நார்வே பெருநிலத்தின் மேற்குக் கரையில் வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 62 பாகையில் இருக்கும் நகரம், புதியது கிட்டத்தட்ட 79 பாகையில். வரைபடத் தேடலில் முன்னொட்டை விட்டுவிட்டால் ஆய்வாளரைப் பதினேழு பாகை தெற்கே இறக்கிவிடுவீர்கள். விமான டிக்கெட் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பாகை என்றதும் இன்னொன்று. தீர்க்கரேகை ஒரு பாகை என்றால் 111 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்ததை அங்கே கொண்டுபோகாதீர்கள், அது நிலநடுக்கோட்டுக் கணக்கு. அட்சரேகை 78 பாகையில் அது சுமார் 23 கிலோமீட்டர்தான். சுவரில் தொங்கும் மெர்கேட்டர் உலக வரைபடம் அந்த அட்சரேகையில் பரப்பளவை இருபது மடங்குக்கு மேல் ஊதிக் காட்டும், அதைப் பார்த்து ‘பிரம்மாண்டமான தீவு’ என்று எழுதுபவர்கள் உண்டு. ‘ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு’ என்பதும் துருவப் புள்ளிக்கு மட்டும் பொருந்தும். லோங்யியர்பீயனில் சூரியன் மறையாமல் இருப்பது ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை. எழாமல் இருப்பது அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. மற்ற மாதங்களில் நம்மைப் போலவே உதயமும் அஸ்தமனமும் உண்டு.

இணையப் படிவங்களில் நாடு தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ‘ஸ்வால்பார்டும் யான் மாயெனும்’ என்று சேர்ந்தே வரும். அதை நம்பி இரண்டும் அடுத்தடுத்த தீவுகள் என்று எழுதாதீர்கள். நடுவில் ஆயிரம் கிலோமீட்டர் கடல், நிர்வாகமும் வேறு வேறு. பட்டியல் போட்டவர்கள் தங்கள் வசதிக்காக ஒரே குறியீட்டில் கட்டிவைத்தது அது.

கடைசியாக எனக்குப் பிடித்த ஒன்று. மேலே வாலைப் பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா, அந்த விதியையே கவிழ்க்கும் ஓர் இடம் ஹிமாத்ரி இருக்கும் அதே கோங்ஸ்ஃபியோர்டனில் இருக்கிறது. பெயர் புளோம்ஸ்ட்ரான்ட்ஹால்வோயா. ‘ஹால்வோயா’ என்றால் அரைத் தீவு, அதாவது தீபகற்பம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எர்னெஸ்ட் மான்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் அங்கே பளிங்கு வெட்டி விற்கலாம் என்று இயந்திரம், தண்டவாளம் எல்லாம் இறக்கி, குடியிருப்புக்கு ‘நியூ லண்டன்’ என்று பெயரும் வைத்தார். உறைபனியில் விரிசல் கண்டிருந்த பளிங்கு விலைபோகவில்லை, இயந்திரங்கள் இன்றும் அங்கே துருப்பிடித்துக் கிடக்கின்றன. பெயர் வைத்த காலத்தில் அந்த நிலத்தை ஸ்பிட்ஸ்பெர்கனோடு ஒட்டவைத்திருந்தது புளோம்ஸ்ட்ரான்ட்பிரேயன் என்ற பனியாறு. 1990-களில் அந்தப் பனியாறு பின்வாங்கியதும் நடுவில் கடல் தெரிந்தது. இப்போது அது முழுத் தீவு, ஆனால் வரைபடத்தில் இன்னும் அரைத் தீவுதான், பெயரை யாரும் மாற்றவில்லை. அதனால் அதைப் பற்றி எழுதும்போது பெயரைத் திருத்தாதீர்கள், ‘தீபகற்பம்’ என்று மொழிபெயர்க்கவும் செய்யாதீர்கள்.