பேரழிவுக்குப் பிறகு ஒரு கல்யாணம்: கதை எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

வெள்ளமோ கொள்ளைநோயோ வந்து பாதி சனம் அழிந்துபோன கற்பனை உலகம், அதில் ஒரு கல்யாணக் காட்சி. பெரும்பாலும் அங்கேதான் கதை பல்லிளிக்கும்.

முதல் தவறு, அழிவு வந்த மறுநாளே பழைய சடங்கெல்லாம் மறைந்து புதுசாக ஏதோ முளைத்துவிடுவது. எல்லாம் போனபிறகு மனிதர்கள் சடங்கைத்தான் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள். பொருள் மாறும், உருவம் மாறாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், பிரிட்டனில் கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சு பூசத் தடை வந்தது. அதற்காக யாரும் கல்யாணக் கேக்கை விட்டுவிடவில்லை, அட்டையில் அடுக்கடுக்காகச் செய்த போலிக் கேக்கை மேலே கவிழ்த்து, உள்ளே சின்னதாக ஒரு நிஜக் கேக்கை வைத்தார்கள். உங்கள் உலகத்தில் அந்த அட்டைக் கேக் எது? அது கிடைத்துவிட்டால் அப்புறம் இரண்டு தலைமுறை தள்ளிப் போய்ப் பாருங்கள், நிஜக் கேக்கையே பார்த்திராத பேரப்பிள்ளைகள் அட்டைதான் சம்பிரதாயம் என்று சண்டைக்கு நிற்பார்கள்.

அடுத்தது, அழகுக்காகச் சொருகும் சடங்கு. மணமக்கள் நீலச் சாயம் பூசிக்கொள்கிறார்களாம். ஏன் நீலம்? எழுதியவருக்கே தெரியாது. யார் செத்தார்கள், எது தீர்ந்துபோனது, எதைக் கண்டு பயம், இந்த மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஐரோப்பாவின் யூத ஊர்களில் காலரா பரவியபோது, ஏழைகளோ அனாதைகளோ இருவரைப் பிடித்து இடுகாட்டிலேயே கல்யாணம் செய்துவைத்த வழக்கம் உண்டு, நோய் விலகிவிடும் என்ற நம்பிக்கையில். செலவு ஊருடையது, சரி. அந்த இருவரிடம் சம்மதம் கேட்டது யார்? எனக்கென்னவோ கதையே அங்கேதான் இருக்கிறது.

செத்தவர்களை மறந்துவிட்டுக் கொட்டு மேளத்தோடு முடிப்பதும் பொருந்தாது. பிரான்சில் 1959 டிசம்பர் 2-ஆம் தேதி மால்பாஸே அணை உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்துபோன வருங்காலக் கணவரையே மணக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டார், அந்த மாதம் முடிவதற்குள் அதற்கு இடம்கொடுக்கும் சட்டமே வந்துவிட்டது. இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருப்போமா?

மக்கள்தொகையைப் பெருக்கக் கட்டாயக் கல்யாணம் என்பது அடித்துத் துவைத்த விஷயம். எழுதியே ஆக வேண்டுமென்றால், மறுப்பவர்களும் ஏய்ப்பவர்களும் பதிவேட்டில் பொய் எழுதக் காசு வாங்குபவரும் வேண்டும்.

பெரியவர் எழுந்து நின்று சடங்கின் வரலாற்றைச் சொல்லும் வசனத்தையும் வெட்டிவிடுங்கள், அங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும்தான் அது தெரியுமே. ஒரு குழந்தை அந்த அட்டையைத் தொடப் போகட்டும், பாட்டி கையில் ஒன்று போடட்டும்.