பெயரில் நேர்ந்த எழுத்துப் பிழையைத் திருத்தும் முறை

சேலம் மாநகரில் பிறந்த குழந்தையாயினும் ஏற்காட்டில் பிறந்த குழந்தையாயினும், கயல்விழி என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் கயல்விலி என்று பதிவாகிவிட்டால், முதலில் அணுக வேண்டியவர் அப்பிறப்பைப் பதிவு செய்த பதிவாளரே. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மூலப் பதிவை மாற்றாமல் அதன் ஓரத்தில் திருத்தத்தைக் குறித்து ஒப்பமிடும் அதிகாரத்தை அவருக்கு அளிக்கிறது. ஆதாரில் பொதுவாகப் பெயரை வாழ்நாளில் இருமுறை மட்டுமே மாற்ற முடியும் என்பதால், சான்றிதழைச் சரிசெய்து, அதிலுள்ள ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அங்கே விண்ணப்பியுங்கள். அவசரத்தில் இவ்வரிசையை மாற்றுவது பெரும் அலைச்சலைத் தரும். பெற்றோர் ஆசையோடு வைத்த பெயரில் ஓரெழுத்தையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. தவறாக உச்சரிப்பவரிடமும், அப்போதே, நிதானமாக ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.