தண்ணீரின் பிடிப்பைக் கண்ணால் பார்க்க: வீட்டிலேயே செய்ய நான்கு சோதனைகள்

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்னூட்டமும் ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்னூட்டமும் இருக்கும். அதனால் ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. உயிர்களுக்குத் தண்ணீர் தரும் பல வசதிகளுக்கு இந்தப் பிடிப்பே காரணம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடலாம். பலூன் சோதனைக்கு மட்டும் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

மிதக்கும் ஊசி. அகலமான கிண்ணத்தைச் சோப்பு வாசனையே இல்லாமல் நான்கைந்து முறை அலசி, தண்ணீர் நிரப்புங்கள். உள்ளங்கையளவு டிஷ்யூ தாளைத் தண்ணீர்மேல் விரித்து, மெல்லிய தையல் ஊசியைப் படுக்கவையுங்கள். தாள் ஊறியதும் அதன் ஓரங்களை ஈர்க்குச்சியால் மெல்ல அமுக்கினால், தாள் இறங்கிவிடும், ஊசி மேலே நிற்கும். கண்ணைக் கிண்ணத்தின் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்: ஊசிக்கு இருபுறமும் நீர்ப்பரப்பு குழிந்திருக்கும். எஃகு நீரைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு அடர்த்தியானது. அதைத் தாங்குவது பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் விசை. இனி ஈர்க்குச்சி முனையில் ஷாம்பூ தொட்டு, கிண்ணத்தின் ஓரத்தில் வையுங்கள். ஊசி விலகி ஓடும், பெரும்பாலும் மூழ்கிவிடும்.

முதலிலேயே மூழ்கினால் கிண்ணத்தில் சோப்பு மிச்சமிருக்கிறது, அல்லது ஊசி ஈரமாக இருக்கிறது. ஊசியைத் துடைத்து, தலைமுடியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் எண்ணெய்ப்பசை உதவும். கோணி ஊசி இதற்கு ஆகாது. கொசுப்புழு மூச்சுக்குழலை நீட்டித் தொங்குவதும் இதே நீர்ப்பரப்பில்தான். தேங்கிய நீரில் எண்ணெய் விட்டால் அவை சாவது, பரப்பு இழுவிசை குறைந்து பிடி போவதாலும் மூச்சுக்குழல் அடைபடுவதாலும்தான்.

வெடிக்காத பலூன். பலூனில் 100 மி.லி. தண்ணீர் விட்டு, ஊதி, முடிச்சுப் போடுங்கள். தண்ணீர் தேங்கிய அடிப்பகுதி மெழுகுவர்த்திச் சுடரின் நுனியில் படும்படி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் 20 விநாடி பிடியுங்கள். கரி படியும், வெடிக்காது. சுடர் பக்கவாட்டில் பட்டால் அங்கே தண்ணீர் இல்லாததால் உடனே வெடிக்கும். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.18 ஜூல் தேவை. சமையல் எண்ணெய்க்கு அதில் பாதி போதும். மனித உடலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீராக இருப்பதால்தான் வெயிலில் நின்றதும் உடல் சட்டென்று கொதித்துவிடுவதில்லை.

பனிக்கட்டி. பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி, மட்டத்தைக் கோடிட்டு, ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்தபின் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடியிருக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடிக்கும். நீருக்கு அடர்த்தி மிகுவது 4 டிகிரி செல்சியஸில். அதனால் அந்த நீர் அடியில் தங்கும், பனிக்கட்டி மேலே மிதக்கும். காஷ்மீரின் தால் ஏரி கடுங்குளிரில் மேலே உறைந்தாலும் கீழே மீன் பிழைப்பது இதனால்தான்.

காசித்தும்பை. நான்கிலும் சிறந்தது இதுதான். தண்டு கிட்டத்தட்டக் கண்ணாடிபோல இருப்பதால் நிறம் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். வெள்ளைப்பூச் செடி கிடைத்தால் இன்னும் நல்லது. 200 மி.லி. தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சிவப்பு உணவு நிறப்பொடி கரையுங்கள். தண்டைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்தே சாய்வாக வெட்டி, உடனே நிறநீருக்கு மாற்றுங்கள். காற்றில் வெட்டினால் குழாய்களுக்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தொடர் அறும். பலருக்குச் சோதனை வராமல் போவது இந்த இடத்தில்தான். வாடிய தண்டும் சரிவராது.

காற்றோட்டமான வெளிச்சத்தில் வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் சிவப்புக் கோடுகள் ஏறத் தொடங்கும். பிளேடால் குறுக்கே மெல்லிய சீவல் எடுத்தால் தண்டின் ஓரத்தை ஒட்டி சிவப்புப் புள்ளிகள் தெரியும்: அவை நீரை மேலே கொண்டுபோகும் சைலம் குழாய்கள். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்தபடி கீழுள்ள நீரையும் இழுக்கின்றன. உயர்ந்த மரத்தின் உச்சிக்கு மோட்டார் இல்லாமல் நீர் போவது இப்படித்தான்.

இதைச் சரிபார்க்க, அதே அளவுள்ள இன்னொரு தண்டின் இலைகளைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டி, அருகில் வையுங்கள். அதில் நிறம் மெதுவாகவே ஏறும். இரண்டையும் காலையிலேயே தொடங்குங்கள். இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்வதால் வேறுபாடு சரியாகத் தெரியாது.